‘இல்லை’ என்னும் விடையும் விடை இல்லாமையும்: தரவுத்தொகுதி ஆய்வில் புற ஆணைகளின் பிழையறிதல்

1. முன்னுரை

ஒரு மொழிவடிவம் ஒரு காலத்து எழுத்து வழக்கில் இருந்தது என்று நிறுவுவதற்கு ஐயத்திற்கு இடமற்ற சான்று ஒன்றே போதும். அவ்வடிவம் வழக்கில் இல்லை என்று நிறுவுவதற்கோ, கிடைத்துள்ள பனுவல்கள் அனைத்தையும் பார்த்து முடித்தாக வேண்டும். சான்றுகளை அட்டைகளில் எழுதித் தொகுத்த காலத்தில் இத்தகைய எதிர்மறை முடிவுகளை ஆய்வாளர்கள் தயக்கத்துடனேயே கூறினர். பார்க்காமல் விடுபட்ட பக்கங்கள் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தமையே அத்தயக்கத்திற்குக் காரணம். கணிப்பொறிவழித் தேடல் வந்த பின்னர் இந்நிலை மாறியுள்ளது. எந்திரம் எதனையும் விட்டுவிடாது என்னும் நம்பிக்கையில், தரவுத்தொகுதியில் இவ்வடிவம் இடம்பெறவில்லை என்னும் முடிவு எளிதாகக் கூறப்படுகிறது.

1991ஆம் ஆண்டு இந்திய அரசின் மின்னணுவியல் துறை தொடங்கிய இந்திய மொழித் தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தின்கீழ், மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் தமிழ் உள்ளிட்ட தென்னிந்திய மொழிகளுக்குத் தரவுத்தொகுதிகள் உருவாக்கப்பட்டன. தமிழுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் தொகுக்கப்பட்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியப் பனுவல்களை மின்வடிவில் வழங்கியது. இத்தகைய பெருந்திரள்களை ஒருவர் கண்ணால் படித்துச் சரிபார்த்தல் இயலாது. ஆதலின், கணிப்பொறியில் ஏற்கெனவே உள்ள பல சிறு கருவிகளை வரிசையாக ஏவும் ஆணைநிரல்களை எழுதி, அவற்றின்வழி எண்ணிக்கைகளைப் பெறுவது ஆய்வாளரிடையே பெருவழக்காகியுள்ளது.

அவ்வாறு ஏவப்பட்ட கருவி தன் வேலையைச் செய்யத் தவறினால், அத்தவறு ஆணைநிரலுக்கு எவ்வாறு தெரியவரும், தெரியவராமற்போகும் இடங்கள் யாவை, எதிர்மறை முடிவு ஒன்றை நம்பத்தக்கதாக்குவதற்கு ஆணைநிரலில் எவை இருத்தல் வேண்டும் என்பனவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆணைநிரலும் புற ஆணையும்

ஷெல் என்பது பயன்படுத்துவோர் தரும் ஆணைகளைப் பெற்று அவற்றுக்குரிய நிரல்களை இயக்கும் இடைநிலை நிரல். யூனிக்ஸ், லினக்ஸ் ஆகிய இயக்கமுறைமைகளில் இது இன்றியமையாத உறுப்பு. பல ஆணைகளை ஒரு கோப்பில் எழுதி ஷெல்லிடம் ஒருசேரத் தருவதே ஆணைநிரல் எனப்படுகிறது. ஆணைகளுட் சில ஷெல்லுக்குள்ளேயே அமைந்தவை. ஏனையவை தனி நிரல்களாக வட்டில் இருப்பவை. இவற்றையே புற ஆணைகள் என்கிறோம். குறியீட்டு முறையை மாற்றும் ஐகான்வ், வரிகளைத் தேடும் கிரெப், அகரநிரல்படுத்தும் சார்ட், வரிகளையும் சொற்களையும் எண்ணும் டபிள்யூசி ஆகியன தரவுத்தொகுதி ஆய்வில் மிகுதியாகப் பயன்படும் புற ஆணைகள்.

புற ஆணைக்குள் என்ன நிகழ்கிறது என்பது ஆணைநிரலுக்குத் தெரியாது. வேலையை ஒப்படைத்துவிட்டு முடியும்வரை காத்திருப்பதே அதன் இயல்பு. வேலை முடிந்தபின் மூன்று வாயில்களின் வழியாகச் செய்தி வந்து சேரும். முதலாவது, இயல்பு வெளியீடு. கேட்ட தரவு இதன்வழி வரும். இரண்டாவது, பிழை வெளியீடு. எச்சரிக்கைகளும் பிழைச்செய்திகளும் இதன்வழி வரும். மூன்றாவது, எக்சிட் ஸ்டேட்டஸ் என வழங்கப்பெறும் முடிவுநிலை எண்.

முதலிரு வாயில்களும் தொடக்கத்தில் தனித்தனியாக இருக்கவில்லை. யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தில் பிழைச்செய்திகளும் தரவோடு கலந்தே வெளியிடப்பட்டு வந்தன. ஒளியச்சுக் கோப்புக்கு அனுப்பிய பக்கத்திற்குப் பதிலாகப் பிழைச்செய்தியே அழகாக அச்சாகி வந்த நிகழ்ச்சிகளுக்குப் பின்னரே பிழை வெளியீடு தனியாகப் பிரிக்கப்பட்டது என்று அங்குப் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன் நினைவுகூர்ந்துள்ளார். தரவையும் தரவைப் பற்றிய செய்தியையும் ஒரே வாயிலில் கலக்கவிடலாகாது என்னும் படிப்பினை இதில் உண்டு.

3. முடிவுநிலை எண்ணின் பொருள்

முடிவுநிலை எண் 0 முதல் 255 வரை அமையும். 0 என்பது வெற்றியைக் குறிக்கும். பிற எண்கள் வெற்றியல்லாத ஏதோ ஒரு நிலையைக் குறிக்கும். அந்நிலை யாது என்பதை அந்தந்த ஆணையே வரையறுக்கிறது. எனினும், ஷெல் தானே தரும் சில எண்கள் பொதுவானவை. ஏவப்பட்ட பெயரில் ஆணை எதுவும் இல்லையெனில் 127. ஆணை இருந்தும் அதனை இயக்க இயலவில்லையெனில் 126. ஒரு சிக்னலால் ஆணை இடையில் நிறுத்தப்பட்டதெனில் 128உடன் அச்சிக்னலின் எண் கூட்டப்பட்டுத் தரப்படும். நினைவகப் பற்றாக்குறையால் இயக்கமுறைமை ஒரு நிரலை 9ஆம் சிக்னலைக் கொண்டு நிறுத்தினால் முடிவுநிலை எண் 137 ஆகும்.

வெற்றி பெற்ற யூனிக்ஸ் ஆணைகள் பெரும்பாலும் பிழை வெளியீட்டில் ஒன்றும் கூறுவதில்லை. மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்னும் வழக்கு இங்கு வடிவமைப்பு நெறியாகவே உள்ளது. ஆனால் மௌனத்தை மட்டும் கொண்டு வெற்றியை முடிவுசெய்தல் பொருந்தாது. செய்தி வந்ததென்பதாலேயே தோல்வி என்று கொள்ளவும் இயலாது. சில ஆணைகள் வெற்றிகரமாக முடிந்தும் எச்சரிக்கைகளை வெளியிடும். பிழைச்செய்தியின் சொற்களைத் தேடிப் பிழையை அறிய முனைவதும் நிலையான வழியன்று. அச்சொற்கள் பயன்படுத்துவோரின் மொழி அமைப்புக்கேற்பவும் நிரலின் பதிப்புக்கேற்பவும் மாறக்கூடியவை. செய்தி மனிதருக்கு உரியது. எண் ஆணைநிரலுக்கு உரியது.

மொழியாய்வுக்கு மிகவும் வேண்டப்படுவது கிரெப் ஆணையின் எண்முறையாகும். தேடிய வடிவம் கிடைத்தால் 0, கிடைக்காவிடின் 1, தேடலிலேயே பிழை நேர்ந்தால் 2 என மூன்று நிலைகளை அது வேறுபடுத்துகிறது. இரு கோப்புகளை ஒப்பிடும் டிஃப் ஆணையும் இவ்வாறே: வேறுபாடு இல்லையெனில் 0, உண்டெனில் 1, ஒப்பிட இயலவில்லையெனில் 2. இம்முப்பகுப்பு கள ஆய்வு செய்வோருக்கு நன்கு அறிமுகமானதே. தகவலாளி ஒரு வடிவத்தைப் பற்றி ‘உண்டு’ எனலாம், ‘இல்லை’ எனலாம், ‘தெரியாது’ எனலாம். ‘தெரியாது’ என்றவரை ‘இல்லை’ என்றவருடன் சேர்த்து எண்ணும் ஆய்வை எவரும் ஏற்பதில்லை. ஆணைநிரல்களில் நிகழும் பிழைகளுட் பெரும்பாலானவை இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுவதால் வருவனவே.

4. ஓர் எடுத்துக்காட்டு

நிகழ்கால இடைநிலைகளாக ஆநின்று, கின்று, கிறு ஆகிய மூன்றையும் நன்னூல் கூறுகிறது. இவற்றுள் ஆநின்று என்பது 19ஆம் நூற்றாண்டு உரைநடையில் வழங்கியதா என்பதை அறிய ஓர் ஆய்வாளர் விரும்புகிறார் எனக் கொள்க. அவரிடம் 400 கோப்புகள் உள்ளன என்றும், அவை யாவும் திஸ்கி என்னும் எட்டுப் பிட் குறியீட்டு முறையில் அமைந்தவை என்றும் கொள்க. அவர் எழுதும் ஆணைநிரல் ஒவ்வொரு கோப்பையும் ஐகான்வ் ஆணையிடம் தந்து யூனிகோடுக்கு மாற்றி, அதன் வெளியீட்டைக் கிரெப் ஆணைக்கு அனுப்பி, கிடைத்த வரிகளை டபிள்யூசி ஆணையைக் கொண்டு எண்ணுகிறது. ஓர் ஆணையின் வெளியீட்டை மற்றோர் ஆணையின் உள்ளீடாக இணைக்கும் இவ்வமைப்பைக் குழாய்த்தொடர் எனலாம். இது 1973இல் டக் மெக்கில்ராய் வலியுறுத்தியதன் பயனாக யூனிக்ஸில் இடம்பெற்றது.

ஆணைநிரல் 0 என்னும் விடையைத் தருகிறது. இந்த 0 எதனைக் குறிக்கும்? செய்யாநின்றான், வாராநின்றது போன்ற வடிவங்கள் 400 கோப்புகளிலும் இல்லை என்பது ஒரு பொருள். ஆனால் வேறு சில நிலைகளிலும் இதே விடை வரும். ஐகான்வ் ஆணை அக்கணிப்பொறியில் நிறுவப்படாதிருக்கலாம். கோப்புகளின் இடம் தவறாகத் தரப்பட்டிருக்கலாம். கோப்பின் தொடக்கத்திலேயே முறையற்ற பைட்டு ஒன்று இருந்து மாற்றம் அங்கேயே நின்றிருக்கலாம். இந்நிலைகள் அனைத்திலும் கிரெப் ஆணைக்கு வெற்று உள்ளீடோ அரைகுறை உள்ளீடோ சென்று சேர்கிறது. வெற்றிடத்தில் தேடிய கிரெப் ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறது. டபிள்யூசி ஆணை ஒன்றுமில்லாததை எண்ணி 0 என்கிறது; தன் வேலையைச் செவ்வனே முடித்ததாக 0 என்னும் முடிவுநிலை எண்ணையும் தருகிறது.

குழாய்த்தொடரின் முடிவுநிலை எண், அதன் இறுதி ஆணையின் முடிவுநிலை எண்ணே என்பது ஷெல்லின் பொதுவிதி. எனவே ஐகான்வ் அடைந்த தோல்வி ஆணைநிரலை எட்டுவதில்லை. பிழைச்செய்தி திரையில் தோன்றியிருக்கும் என்பது உண்மையே. ஆனால் இரவு முழுதும் தானே ஓடும் ஆணைநிரலின் திரையைப் பார்ப்பார் இல்லை. பிழை வெளியீட்டை வெற்றிடத்திற்குத் திருப்பிவிடும் பழக்கமும் பலரிடம் உண்டு. அவ்வாறாயின் அச்சுவடும் அழிந்துவிடும்.

5. வழக்கமான தீர்வுகளும் அவற்றின் எல்லையும்

5.1. பிழை நேர்ந்த இடத்தில் நிறுத்துதல்

எந்த ஆணையேனும் 0 அல்லாத எண்ணைத் தந்தால் ஆணைநிரலை உடனே நிறுத்துமாறு ஷெல்லைப் பணிக்கலாம். செட் ஆணையுடன் ஈ என்னும் விருப்பக்குறியைத் தருவதால் இது நிகழும். இவ்வழி பயனுடையதாயினும் மொழியாய்வில் ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. வடிவம் கிடைக்கவில்லை என்னும் முறையான விடைக்கும் கிரெப் 1 என்னும் எண்ணையே தருவதால், அவ்விடை வந்த முதற்கோப்பிலேயே ஆணைநிரல் நின்றுவிடும்.

இதனைத் தவிர்ப்பதற்காக, எது நேர்ந்தாலும் வெற்றியெனக் கொள்க என்னும் பொருளுடைய ட்ரூ ஆணையை ‘அல்லது’ குறியுடன் இணைத்துக் கிரெப்புக்குப் பின் எழுதுவது வழக்கம். அதன்பின் ஆணைநிரல் நிற்பதில்லை. ஆனால் 1 என்னும் ‘இல்லை’ மறைந்ததோடு 2 என்னும் ‘தெரியாது’ என்பதும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. தொல்லை தரும் எச்சரிக்கை மணியின் ஓசையைக் குறைக்காமல் கம்பியையே அறுத்துவிட்டதற்கு இது ஒப்பாகும்.

மேலும், இவ்விருப்பக்குறி எல்லா இடத்தும் செயற்படுவதன்று. நிபந்தனைத் தொடரின் சோதனைப் பகுதியிலும், ‘மற்றும்’, ‘அல்லது’ குறிகளின் இடப்பக்கத்திலும் நிகழும் தோல்விகளை அது கருதுவதில்லை. பாஷ் ஷெல்லின் செயற்கூறுக்குள் லோக்கல் என்னும் சொல்லோடு சேர்த்து ஓர் ஆணையின் வெளியீட்டை மாறிக்கு அளித்தால், அவ்வாணையின் எண்ணை லோக்கலின் எண் மூடிவிடும். அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பளித்தலை அடுத்த வரியிலும் எழுதுவதே இதற்குத் தீர்வு.

5.2. குழாய்த்தொடரின் தோல்வியை அறிதல்

பைப்ஃபெயில் என்னும் அமைப்பை இயக்கினால், குழாய்த்தொடரின் முடிவுநிலை எண் மாறுகிறது. 0 அல்லாத எண்ணைத் தந்த ஆணைகளுள் வலக்கோடியில் உள்ளதன் எண் அப்போது தொடர் முழுமைக்கும் உரியதாகும். பாஷ் ஷெல்லின் 3.0 பதிப்பில் 2004இல் இடம்பெற்ற இவ்வசதி, போசிக்ஸ் தரவரையறையின் 2024 பதிப்பிலும் ஏற்கப்பட்டுள்ளது. இது பெரிதும் பரிந்துரைக்கப்படும் தீர்வாகும்.

எனினும், மேற்கண்ட எடுத்துக்காட்டுக்கு இது போதுமானதன்று. ஐகான்வ் தோல்வியுற்றால் தரும் எண் 1. கிரெப் ஒன்றும் காணாதபோது தரும் எண்ணும் 1. தொடர் 1 எனக் கூறினால் அது எதன் கூற்று என்பது தெரியாது. ஐகான்வ் இடையில் நின்று, அதற்கு முற்பட்ட பகுதியில் கிரெப் சில வரிகளைக் கண்டிருந்தாலும் தொடரின் எண் 1 என்றே வரும். பொருத்தம் கிடைத்தவுடன் தேடலை நிறுத்தும் முறையில் கிரெப்பை ஏவினால் வேறொரு குழப்பமும் உண்டு. படிப்பார் இல்லாத குழாயில் எழுத முனைந்த முன் ஆணை 13ஆம் சிக்னலால் நிறுத்தப்பட்டு 141 என்னும் எண் வரலாம். அங்கு உண்மையில் பிழை எதுவும் இல்லை.

பாஷ் ஷெல்லில் பைப்ஸ்டேட்டஸ் என்னும் மாறி, தொடரிலுள்ள ஒவ்வோர் ஆணையின் எண்ணையும் வரிசையாகத் தருகிறது. ‘1, 1, 0’ என்று அது கூறினால், முதலாணையே தவறியது என்பது தெளிவாகும். ‘0, 1, 0’ என்று கூறினால் மாற்றம் நிறைவாக நிகழ்ந்து, தேடிய வடிவம் கிடைக்கவில்லை என்பது பொருள். முன்னது ‘தெரியாது’; பின்னது ‘இல்லை’. அடுத்த ஆணை இயங்கியதும் இம்மாறி அழிந்து புதிய மதிப்பைப் பெறுமாதலால், தொடர் முடிந்த உடனே அதனை வேறொரு மாறியில் எடுத்துவைத்தல் வேண்டும்.

6. எண் தொலைந்துபோகும் பிற இடங்கள்

முடிவுநிலை எண் தொலையும் இடங்கள் குழாய்த்தொடரோடு முடிந்துவிடுவதில்லை. அவற்றுள் இன்றியமையாத நான்கு இங்குச் சுட்டப்படுகின்றன.

முதலாவது, மடக்கு. 400 கோப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வேலை செய்யும் மடக்கின் முடிவுநிலை எண், இறுதியாக இயங்கிய ஆணையின் எண்ணே. 17ஆம் கோப்பில் நேர்ந்த தோல்வி, 400ஆம் கோப்பின் வெற்றியால் மறைக்கப்படும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணைச் சோதித்துத் தோல்விகளை எண்ணி வருதல் வேண்டும்.

இரண்டாவது, அவ்வாறு எண்ணிய தொகையை ஆணைநிரலின் முடிவுநிலை எண்ணாகவே தருதல். எண் எட்டுப் பிட்டுகளுக்குள் அடங்கவேண்டுமாதலால் 256 தோல்விகள் 0 ஆகிவிடும். 257 தோல்விகள் 1 ஆகிவிடும். தொகையைக் கோப்பில் எழுதிவிட்டு, தோல்வி ஒன்றேனும் உண்டெனில் 1 என்று முடிப்பதே முறை.

மூன்றாவது, இடையாள். கோப்புப்பெயர்களைத் திரட்டிப் பிற ஆணைகளுக்கு வழங்கும் எக்ஸ்ஆர்க்ஸ், தான் ஏவிய ஆணை 1 முதல் 125 வரையுள்ள எந்த எண்ணைத் தந்தாலும் 123 என்னும் ஒரே எண்ணைத் தருகிறது. கிரெப் வேறுபடுத்திக் கூறிய 1, 2 ஆகியன இரண்டும் இதில் ஒன்றாகிவிடும்.

நான்காவது, வெளியீட்டுக் கோப்பு. வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பும்போது, ஆணை இயங்குவதற்கு முன்னரே ஷெல் அக்கோப்பை உருவாக்கிவிடுகிறது. எனவே கோப்பு உண்டு என்பது வேலை முடிந்ததற்குச் சான்றாகாது. வட்டில் இடமின்மையால் பாதியில் நின்ற கோப்பும் பெயரளவில் முழுக்கோப்பாகவே தோன்றும். மறுநாள் அதனைப் பயன்படுத்தும் வேறோர் ஆணைநிரல் அது குறையுடையது என்பதை அறிய வழியில்லை.

பெர்ல், பைத்தான் ஆகிய மொழிகளில் ஆணைநிரல் எழுதுவோருக்கும் இதே கவனம் தேவை. பெர்லின் சிஸ்டம் செயற்கூறு தரும் மதிப்பில் முடிவுநிலை எண் 256ஆல் பெருக்கப்பட்டிருக்கும். கிரெப்பின் 2 அங்கு 512 எனத் தோன்றும். ஆணையை ஏவவே இயலாவிடின் -1 வரும். பைத்தானில் 2015இல் வெளிவந்த 3.5 பதிப்பிலிருந்து சப்பிராசஸ் கூறிலுள்ள ரன் என்னும் செயற்கூறு, முடிவுநிலை எண்ணைத் தனியே எடுத்துத் தருகிறது. சிக்னலால் நின்ற ஆணைக்கு எதிர்க்குறி எண்ணைத் தருகிறது. செக் என்னும் விருப்பத்தை இயக்கினால் 0 அல்லாத எண்ணுக்கெல்லாம் விதிவிலக்கு எழுப்பும். கிரெப் போன்ற ஆணைகளுக்கு அதனை இயக்காமல் எண்ணை நேரே பார்ப்பது பொருத்தமுடையது.

7. வெற்றியெனக் கூறும் தோல்விகள்

இதுவரை கூறியவை, ஆணை தன் தோல்வியை அறிந்திருந்தும் அச்செய்தி இடையில் தொலையும் நிலைகள். ஆணையே தன் தோல்வியை அறியாத நிலைகளும் உண்டு. தமிழ்ப் பனுவல்களைக் கையாள்வோர் இவற்றை மிகுதியாக எதிர்கொள்ள நேரும்.

தமிழுக்கு வழங்கிய எட்டுப் பிட் குறியீட்டு முறைகள் பல. 1999இல் தமிழக அரசு டாப், டாம் ஆகியவற்றை ஏற்றது. திஸ்கியும் பல எழுத்துரு முறைகளும் உடன் வழங்கின. 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரப்பாடாக அறிவித்த பின்னரும் பழைய கோப்புகள் பழைய முறையிலேயே தங்கிவிட்டன. டாப் முறையிலுள்ள கோப்பைத் திஸ்கி என்று கூறி ஐகான்வ் ஆணையிடம் தந்தால், பைட்டுகளைத் திஸ்கி அட்டவணைப்படி மாற்றி, பிழை எதனையும் காட்டாமலே அது முடித்துவிடக்கூடும். விளைவது பொருளற்ற எழுத்துக்கோவை; முடிவுநிலை எண்ணோ 0. மாற்ற இயலாத எழுத்துகளை விட்டுவிடுக என்னும் விருப்பக்குறியைத் தந்தால் நிலை இன்னும் தெளிவற்றதாகும். சொல்லின் நடுவிலிருந்து ஓர் எழுத்து உதிர்ந்தால் அச்சொல் எந்தத் தேடலிலும் அகப்படாது.

கிரெப் ஆணையின் க்னூ வடிவத்திலும் இத்தகைய இடம் ஒன்று உண்டு. யுடிஎஃப்-8 அமைப்பில் இயங்கும்போது, முறையற்ற பைட்டு வரிசை ஒரு கோப்பில் எதிர்ப்பட்டால், அக்கோப்பை அது எழுத்துக்கோப்பாகக் கருதாமல் இருமக் கோப்பாகக் கருதுகிறது. அதன்பின் பொருந்திய வரிகளை வெளியிடாமல், இருமக் கோப்பில் பொருத்தம் உண்டு என்னும் ஒரே செய்தியுடன் நிறுத்திக்கொள்கிறது. முடிவுநிலை எண் 0 என்றே வரும். 2020இல் வெளிவந்த 3.5 பதிப்புக்கு முன்னர் இச்செய்தி இயல்பு வெளியீட்டிலேயே வந்தது. வரிகளை எண்ணிய டபிள்யூசி இச்செய்தியையும் ஒரு சான்றாக எண்ணிவிடும். 40 சான்றுகள் உள்ள கோப்பு ஒரே சான்றுடைய கோப்பாகத் தோன்றுவதற்கு இது காரணமாகும்.

மூன்றாவது, ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். ‘கொண்டு’ என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறியும் துணைக்காலும் அடுத்தடுத்து வருமாறும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் அவை சமமானவையே. கிரெப் பைட்டுகளை ஒப்பிடுவதால் ஒன்றைத் தேடினால் மற்றொன்றைக் காண்பதில்லை. அது தரும் 1 என்னும் எண் நேர்மையானதே. ஆய்வாளரின் வினாவுக்கு உரிய விடைதான் அதில் இல்லை.

8. பின்பற்றத்தக்க நெறிமுறை

மேற்கண்டவற்றிலிருந்து எதிர்மறை முடிவுகளை நாடும் ஆணைநிரலுக்குரிய நெறிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

(அ) மாற்றம், தேடல், எண்ணுதல் ஆகியவற்றை ஒரே குழாய்த்தொடரில் பிணைக்காமல் தனித்தனிப் படிகளாக்குதல். ஒவ்வொரு படிக்குப் பின்னரும் முடிவுநிலை எண்ணை உடனே ஒரு மாறியில் எடுத்துவைத்தல்.

(ஆ) ஒவ்வொரு படியின் வெளியீட்டையும் முதலில் தற்காலிகப் பெயருள்ள கோப்பில் எழுதி, முடிவுநிலை எண் 0 என்று உறுதியான பின்னரே உரிய பெயருக்கு மாற்றுதல். இதனால் குறையுடைய கோப்பு ஒருபோதும் முழுக்கோப்பின் பெயரைப் பெறாது.

(இ) கிரெப்பின் எண்ணை வெற்றி, தோல்வி என இரண்டாகப் பகுக்காமல் மூன்றாகப் பகுத்தல். 0 எனில் சான்றுகளை எண்ணுதல். 1 எனில் ‘இல்லை’ எனப் பதிதல். 2உம் அதற்கு மேற்பட்டனவும் எனில் ‘தேடப்படவில்லை’ எனப் பதிதல்.

(ஈ) பிழை வெளியீட்டை வெற்றிடத்திற்கு அனுப்பாமல், கோப்புப்பெயருடன் ஒரு பதிவேட்டில் சேர்த்தல்.

(உ) உட்சென்ற கோப்புகளின் தொகையையும் வெளிவந்த கோப்புகளின் தொகையையும் ஒப்பிடுதல். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் வரிகளின் தொகை ஒத்திருத்தலையும் பார்த்தல்.

(ஊ) தேடலுக்கு முன் எல்லாக் கோப்புகளையும் ஒரே யூனிகோடு வடிவத்திற்கு நெறிப்படுத்துதல். தேடும் வடிவத்தையும் அவ்வாறே அமைத்தல்.

(எ) ஒவ்வொரு கோப்பிலும் கட்டாயம் இருக்கவேண்டிய சொல் ஒன்றையும் உடன் தேடுதல். ‘என்று’, ‘ஒரு’ போன்ற சொற்கள் சில பக்க அளவுள்ள எந்த உரைநடைக் கோப்பிலும் இல்லாதிருத்தல் அரிது. ஆநின்று கிடைக்காத கோப்பில் ‘என்று’ என்பதும் கிடைக்கவில்லையெனில், அங்கு இல்லாதது இடைநிலை அன்று, படிக்கத்தக்க பனுவலே. முடிவுநிலை எண்ணால் அறியமுடியாத 7ஆம் பகுதிப் பிழைகளுட் பலவற்றை இவ்வெளிய சோதனை காட்டிக்கொடுக்கும்.

(ஏ) ஆணைநிரலையே சோதித்தல். இல்லாத கோப்புப்பெயர் ஒன்றையும், பாதியில் சிதைக்கப்பட்ட கோப்பு ஒன்றையும், வேறு குறியீட்டு முறைக் கோப்பு ஒன்றையும் வேண்டுமென்றே இட்டு ஓட்டிப் பார்த்தல். இம்மூன்றையும் ‘இல்லை’ என்று பதியும் ஆணைநிரல் ஆய்வுக்கு உரியதன்று.

9. முடிவுரை

புற ஆணையின் பிழையறிதல் கணிப்பொறித் துறையினரின் நுட்பமாக மட்டும் கருதப்படுவதற்கு உரியதன்று. எதிர்மறைச் சான்றின் தகுதி அதனைச் சார்ந்தே நிற்கிறது. அகராதியில் ஒரு சொல் வழக்கிறந்தது என்று குறிக்கப்படுவதும், இலக்கண நூலில் ஒரு வடிவம் இக்காலத் தமிழில் இல்லை என்று எழுதப்படுவதும், பாடநூலில் அது விலக்கப்படுவதும் இத்தகைய எண்ணிக்கைகளை அடிப்படையாகக் கொள்ளும் நிலை உருவாகி வருகிறது. இடையில் தொலைந்த ஒரு முடிவுநிலை எண், வழக்கிலுள்ள ஒரு சொல்லை வழக்கிறந்ததாக்கிவிட முடியும். பின்வரும் ஆய்வாளர் முன்னவரின் 0 என்னும் எண்ணை மேற்கோளாகக் கொள்வாரேயன்றி, அதனைப் பெற்ற ஆணைநிரலைக் காண்பதில்லை.

ஆகவே, தரவுத்தொகுதியில் ஒரு வடிவம் இடம்பெறவில்லை என்று எழுதும் கட்டுரைகள், எத்தனைக் கோப்புகள் தேடலுக்கு உட்பட்டன, எத்தனைக் கோப்புகளில் தேடல் இயலாமற்போயிற்று என்னும் இரு எண்களையும் உடன் தருதல் விரும்பத்தக்கது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், 400 கோப்புகளுள் 388 தேடப்பட்டன, 12 தேடப்படவில்லை, தேடப்பட்டவற்றுள் ஆநின்று கிடைக்கவில்லை என்று ஆய்வாளர் எழுதினால், அம்முடிவின் எல்லை படிப்போருக்குத் தெளிவாகும். எஞ்சிய 12 கோப்புகளைக் கண்ணால் படித்துப் பார்க்க ஒருவர் முன்வரவும் கூடும். வெறும் 0 என்று எழுதினால் அதற்கு இடமே இல்லை.